கிரேன் லைசென்ஸ் தேர்வு: கணக்கில் தவறியவருக்கு

கேள்வி: ஐயா, வணக்கம். ஏழு வருடமாக, கிரேனில் சுமையைக் கட்டி மாட்டும் ரிக்கராக வேலை பார்க்கிறேன். கடைசி இரண்டு வருடம் மூத்த ஆப்பரேட்டர் ஒருவரின் மேற்பார்வையில் டெலஸ்கோப்பிக் மொபைல் கிரேனும் ஓட்டிப் பழகியிருக்கிறேன். போன முறை லைசென்ஸ் தேர்வின் எழுத்துத் தாளில், லோடு சார்ட் (எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணை) பகுதியில் தவறிவிட்டேன். செய்முறைத் தேர்வுவரை போகவே இல்லை. பத்தாவதோடு படிப்பை விட்டவன், கணக்கென்றாலே பயம். "சார்ட்டெல்லாம் காகிதம், வண்டி தூக்குமா தூக்காதா என்று நீ உட்காரும் சீட்டே சொல்லிவிடும்" என்கிறார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். அவர் முப்பது வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியவர். மறுதேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது? செய்முறையில் சுமை ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது? தேர்வாளர் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்குக் கையே ஓடாது.

பதில்:

தம்பிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏழு வருடம் சுமைக்குப் பக்கத்தில் நின்று ஸ்லிங் (சுமையைக் கட்டித் தூக்கும் கயிறு) மாட்டியவருக்குக் கிரேன் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்ததைத் தாளில் வரிசையாக எழுத உங்களுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை, அவ்வளவுதான். ஆறு வாரம் அதற்குப் போதும். பல வருடம் கேபினில் இருந்துவிட்டுப் பிறகு பயிற்சி கொடுக்க வந்தவன் நான். ரிக்கராக இருந்து ஆப்பரேட்டர் ஆக வருகிறவர்கள் பெருக்கல் வகுத்தலில் தவறி நான் அதிகம் பார்த்ததில்லை. எதையெல்லாம் கூட்ட வேண்டும் என்பதில்தான் தவறுகிறார்கள்.

உங்கள் ஆசான் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அது மனதில் இருக்கும்வரை நீங்கள் சார்ட்டை நம்பிப் படிக்கப்போவதில்லை.

லோடு சார்ட்டில் உள்ள எண்கள் இரண்டு வகை. ரேடியஸ் (வண்டி சுழலும் மையத்திலிருந்து சுமைவரை உள்ள கிடைமட்டத் தூரம்) குறைவாக இருக்கும் பகுதியில் அந்த எண்ணைத் தீர்மானிப்பது பூம் (சுமையைத் தூக்கும் நீண்ட கை), இணைப்புப் பின், டர்ன்டேபிள் (வண்டியின் மேல்பகுதி சுழலும் தட்டு) போன்ற பாகங்களின் வலு. ரேடியஸ் கூடக் கூட, வண்டி கவிழுமா கவிழாதா என்பது எண்ணைத் தீர்மானிக்கிறது. இரண்டு பகுதிகளையும் பல சார்ட்டுகளில் தடித்த கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். சிலவற்றில் நிழல் அடித்தோ நட்சத்திரக் குறி போட்டோ காட்டியிருப்பார்கள். கவிழும் பகுதியில் உங்கள் ஆசான் சொல்வது ஓரளவு உண்மை. பின்பக்க அவுட்ரிக்கர் (வண்டியைத் தாங்க வெளியே நீட்டும் கால்) லேசாகிறது, வண்டி முனகுகிறது, சீட்டில் அது தெரிகிறது. ஆனால் கோட்டின் மறுபக்கத்தில் எதுவும் தெரியாது. பூம் மடங்குவதற்கு முன் சீட்டுக்குத் தகவல் வராது. வண்டி பாறைபோல நின்றுகொண்டிருக்கும், பூம் மட்டும் மடங்கிவிடும்.

கவிழும் பகுதியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே சார்ட்டில் போடும் எண், வண்டியை உண்மையில் கவிழ்க்கும் சுமை அல்ல. பின்பற்றும் தரநிலையைப் பொறுத்து அதில் 75 சதவீதத்தையோ 85 சதவீதத்தையோதான் சார்ட்டில் போடுகிறார்கள். மீதி, காற்றுக்கும் ஆட்டத்துக்கும் நம்முடைய கைப்பிழைக்கும் விட்ட இடம். சீட்டில் ஏதோ தெரிகிறது என்றால் அந்த இடத்தை நாம் ஏற்கெனவே தின்றுவிட்டோம் என்று பொருள். உங்கள் ஆசான் முப்பது வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதை நான் மதிக்கிறேன். லீவரை எப்படித் தொடுவது, ஹுக்கை எப்படி அசையாமல் நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தூக்கலாமா வேண்டாமா என்பதைச் சார்ட்டிடம் கேளுங்கள். அவரிடம் வாதாட வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். நானும் முதல் முறை எழுத்துத் தாளில் தவறியவன்தான். ஹுக் பிளாக்கின், அதாவது கொக்கியும் கப்பியும் சேர்ந்த தொகுதியின், எடையைக் கூட்டாமல் விட்டேன். வருடக்கணக்கில் என் கண்ணெதிரே தொங்கிய பொருள் அது. தினமும் பார்ப்பதாலேயே அதைச் சுமையாக நினைக்கத் தோன்றவில்லை. சார்ட்டில் உள்ள எண், பூம் முனையில் தொங்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஹுக் பிளாக், ஸ்லிங், ஷாக்கிள் (இணைப்பு வளையம்), ஸ்ப்ரெடர் பீம் (ஸ்லிங்குகளை விரித்துப் பிடிக்கும் தண்டு) எல்லாம் சுமைதான். ஜிப்பை (பூம் முனையில் மாட்டும் கூடுதல் நீட்டிப்பை) கழற்றாமல் பூமின் பக்கவாட்டில் மடித்து வைத்திருந்தாலும் அதற்கென்று ஒரு கழிவு (சுமையோடு சேர்க்க வேண்டிய எடை) சார்ட்டின் குறிப்பில் கொடுத்திருப்பார்கள். தொங்கும் ரோப்பின் எடையையும் சில தயாரிப்பாளர்கள் கூட்டச் சொல்வார்கள். அதனால் எண்களைப் பார்ப்பதற்கு முன் சார்ட்டின் குறிப்புகளைப் படியுங்கள். தேர்வுத் தாளில் கண்ணிகளைப் பெரும்பாலும் அங்கேதான் வைக்கிறார்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை. உங்கள் வண்டியின் சார்ட் வேறாக இருக்கும். பூம் நீளம் 20 மீட்டர், அவுட்ரிக்கர் முழுதும் நீட்டியிருக்கிறது. சார்ட்டில் 8 மீட்டர் ரேடியஸில் 11.5 டன், 10 மீட்டரில் 8.4 டன், 12 மீட்டரில் 6.3 டன், 14 மீட்டரில் 4.6 டன். தூக்க வேண்டியது 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் பிளாக். ரேடியஸை அளந்தால் 10.4 மீட்டர். ஹுக் பிளாக் 350 கிலோ, ஸ்லிங்கும் ஷாக்கிளும் சேர்ந்து 120 கிலோ, மடித்து வைத்த ஜிப்புக்குக் கழிவு 400 கிலோ. தூக்கலாமா?

பிளாக்கின் கனஅளவு 2.4 கனமீட்டர். கான்கிரீட் கனமீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. ஆக 5,760 கிலோ. இங்கேயே நிறுத்தி "5.76 டன், 12 மீட்டரிலேயே 6.3 டன் தூக்குகிறது, தாராளமாகத் தூக்கலாம்" என்று எழுதுபவர் முதல் கண்ணியில் விழுகிறார். மற்றவற்றையும் கூட்டுங்கள்: 5,760, 350, 120, 400. மொத்தம் 6,630 கிலோ.

அடுத்தது ரேடியஸ். 10.4 மீட்டருக்குச் சார்ட்டில் கட்டம் கிடையாது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் விகிதம் போட்டு "ஏறக்குறைய 8 டன் வரும், தூக்கலாம்" என்று எழுதுபவர் பெரும்பாலும் கணக்கில் கெட்டிக்காரர். அவர் இரண்டாவது கண்ணியில் விழுகிறார். தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதிக்காதவரை இரண்டு கட்டங்களுக்கு நடுவே நாமாக எண் போடக்கூடாது. அடுத்த பெரிய ரேடியஸின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதாவது 12 மீட்டர், 6.3 டன். நம் மொத்தம் 6.63 டன். தூக்கக்கூடாது. "கிரேனை நெருக்கி நிறுத்தி, சுமை தொங்கும் நிலையிலும் ரேடியஸ் 10 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் தூக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறவரைப் பார்த்தால் எனக்கு மனசு நிறையும்.

"சுமை தொங்கும் நிலையிலும்" என்று நான் எழுதியதைக் கவனியுங்கள். ரேடியஸ் என்பது வண்டி சுழலும் மையத்திலிருந்து தொங்கும் சுமையின் நடுப்புள்ளிவரை கிடைமட்டமாக அளக்கும் தூரம். டயரிலிருந்தோ அவுட்ரிக்கரிலிருந்தோ பூமின் அடிப் பின்னிலிருந்தோ அளப்பதில்லை. சுமை தரையை விட்டுக் கிளம்பும்போது பூம் வளைகிறது, ரேடியஸ் தானாகக் கூடுகிறது. தரையில் 9.8 மீட்டராக அளந்தது தொங்கும்போது 10-ஐத் தாண்டிவிடலாம். ரிக்கராக இருந்தபோது இதை ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள். நேராகத் தூக்கிய சுமை தரையை விட்ட மறுகணம் வண்டியை விட்டு ஒரு சாண் விலகுமே, அதுதான்.

இதே கணக்கில் மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒற்றை ரோப்பின் அனுமதிக்கப்பட்ட இழுதிறன் 2.5 டன் என்று வைத்துக்கொள்வோம். ஹுக் பிளாக்கில் எத்தனை ஃபால் (சுமையைத் தாங்கும் ரோப் மடிப்பு) போட வேண்டும்? ரோப்பில் தொங்குவது கான்கிரீட் பிளாக், ஹுக் பிளாக், ஸ்லிங்-ஷாக்கிள் மூன்றும்தான்: 6,230 கிலோ. மடித்து வைத்த ஜிப் பூமில்தான் இருக்கிறது, ரோப்பில் தொங்கவில்லை. அதனால் இங்கே அதைக் கூட்டக்கூடாது. இரண்டு ஃபாலில் 5 டன், போதாது. மூன்று ஃபாலில் 7.5 டன். குறைந்தது மூன்று வேண்டும். சார்ட் அனுமதித்தாலும் ரோப் அனுமதிக்காத நிலை வரும் என்பதை மறக்காதீர்கள்.

இந்தக் கணக்கில் பத்தாவது வகுப்பைத் தாண்டியது எதுவும் இல்லை, பார்த்தீர்களா? ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தக் கணக்கானாலும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: வண்டியின் நிலை, சுமையின் எடை, கூட்ட வேண்டியவை, ரேடியஸ், சார்ட் எண், ஃபால், கடைசியில் முடிவு. வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். பதற்றத்தில் மூளை எதை விட்டாலும், நோட்டில் காலியாகக் கிடக்கும் வரி காட்டிக்கொடுத்துவிடும். தினமும் மூன்று கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் யார்டில் உள்ள வண்டியின் உண்மையான சார்ட்டை நகல் எடுத்து, அன்றைக்குத் தூக்கிய சுமையையே கணக்காகப் போட்டுப் பாருங்கள்.

எடை போடுவதற்கு மூன்று எண்கள் மனப்பாடமாக இருந்தால் போதும். கனமீட்டருக்குத் தண்ணீர் 1,000 கிலோ, கான்கிரீட் 2,400, இரும்பு 7,850. தகடாக இருந்தால் இன்னும் சுலபம்: 1 சதுர மீட்டர், 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 7.85 கிலோ. தொட்டி என்று கேள்வியில் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தேடுங்கள்.

ஸ்லிங் கோணத்தைப் பார்த்துப் பலர் மிரளுகிறார்கள். சைன், காஸ் எதுவும் தேவையில்லை. ஒரு ஸ்லிங் காலின் நீளத்தை, ஹுக்கிலிருந்து சுமையில் மாட்டிய புள்ளியின் மட்டம்வரை உள்ள நேர் உயரத்தால் வகுங்கள். வருகிற எண்ணை, அந்தக் கால் தாங்க வேண்டிய பங்கோடு பெருக்குங்கள். 4 டன் சுமையை இரண்டு கால் சமமாகத் தாங்குகிறது என்றால் ஆளுக்கு 2 டன். ஸ்லிங் 3 மீட்டர், உயரம் 1.5 மீட்டர் என்றால் வகுத்தால் 2 வருகிறது. ஒவ்வொரு காலிலும் 4 டன் இழுவிசை! முழுச் சுமையையும் ஒற்றைக் காலில் தொங்கவிட்டதற்குச் சமம். இது கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி. 45 டிகிரியில் 1.41 மடங்கு, 60 டிகிரியில் 1.15 மடங்கு. கேள்வியில் கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து சொல்கிறார்களா, செங்குத்திலிருந்து சொல்கிறார்களா என்று பாருங்கள். அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு தவறான விடை எழுதியவர்கள் நிறைய.

தரையைப் பற்றிய கேள்விகளுக்கு உங்கள் அனுபவம் கைகொடுக்கும். சுமை ஒரு மூலைக்கு மேலே வரும்போது அந்த மூலை அவுட்ரிக்கர்தான் பெரும்பாரத்தையும் ஏற்கிறது. ஒரு காலில் 24 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டர் சதுரப் பாதத்தின் கீழே சதுர மீட்டருக்கு 96 டன் அழுத்தம் வரும். அதே காலுக்குக் கீழே வளையாத 1.2 மீட்டர் சதுர மேட் போட்டால் 17 டன்னுக்கும் கீழே வந்துவிடும். மட்டமும் அதே அளவுக்கு முக்கியம். 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூம் முனையை 1 டிகிரி சாய்வு அரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளுகிறது. சார்ட்டின் எண்கள் வண்டி மட்டமாக நிற்கும்போதுதான் செல்லும். அவுட்ரிக்கரைப் பாதி நீட்டினால் அதற்கென்று தனிச் சார்ட் இருக்கும். அது இல்லையென்றால் அந்த நிலையில் தூக்கவே கூடாது.

காற்று பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ அழுத்தம் என்றால், 20 மீட்டர் வேகத்தில் 25 கிலோ. 18 சதுர மீட்டர் பேனல் ஒன்றைத் தூக்கியிருந்தால் 450 கிலோ பக்கவாட்டில் இழுக்கிறது. பூம் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. பக்கவாட்டு இழுப்பு அதற்கு ஆகாது. 1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கியில், பேஸ்பால் அரங்கம் ஒன்றின் 400 டன்னுக்கு மேற்பட்ட கூரைப் பகுதியைத் தூக்கிக்கொண்டிருந்த மாபெரும் கிரேன் சரிந்து விழுந்தது. வேறொரு கிரேனில் தொங்கிய ஆள்கூடையில் இருந்த மூன்று இரும்புவேலைத் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். கிரேன்மீது படும் காற்றைக் கணக்கில் எடுத்திருந்தவர்கள், தூக்கிய கூரைமீது படும் காற்றை எடுக்கவில்லை. "எடை குறைவு, பரப்பு அதிகம்" என்று ஒரு சுமை கேள்வியில் வந்தால் அந்த மூன்று பேரை நினைத்துக்கொண்டு விடை எழுதுங்கள்.

மின்கம்பி பற்றிய கேள்விகளில் தூரத்தின் அளவு வோல்டேஜைப் பொறுத்தும் நீங்கள் எழுதும் தேர்வின் விதியைப் பொறுத்தும் மாறும். அந்த அட்டவணையை அப்படியே நெட்டுருப் போட்டுவிடுங்கள். மாறாதது இது: எந்தக் கம்பியானாலும் மின்சாரம் ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பூம் கம்பியில் பட்டுவிட்டால் கேபினிலேயே இருக்க வேண்டும். வண்டியில் தீப்பிடித்து வெளியேறியே ஆக வேண்டிய நிலை வந்தால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நகர வேண்டும்.

ரோப் ஆய்வு, ஹுக், ஷாக்கிள் எல்லாம் நீங்கள் தினமும் செய்கிற வேலை, விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இரண்டு மட்டும் சொல்கிறேன். ரோப்பின் விட்டத்தைக் காலிப்பரால் அளக்கும்போது இரண்டு ஸ்ட்ராண்டுகளின் (ரோப்பை முறுக்கிய கம்பிக் கற்றைகளின்) மேட்டைத் தொட்டு, கிடைக்கும் பெரிய அளவை எடுக்க வேண்டும். பள்ளத்தில் வைத்து அளந்தால் தவறு. ரோப் கிளிப் போடும்போது யூ-போல்ட் வளைவு வெட்டிவிட்ட முனைப்பக்கம் இருக்க வேண்டும், சேடில் (கிளிப்பின் அடிக்கட்டை) சுமை தாங்கும் ரோப்பின்மேல் உட்கார வேண்டும். படத்தைக் காட்டிச் சரியா தவறா என்று கேட்பார்கள். எல்எம்ஐ (சுமை வரம்பை நெருங்கினால் காட்டி எச்சரிக்கும் கருவி) பற்றியும் ஒரு கேள்வி வரும். அது உதவிக் கருவிதான். அவுட்ரிக்கர் நிலையையோ ஃபால் எண்ணிக்கையையோ நாம் தவறாகக் கொடுத்தால், அதுவும் தவறான எண்ணைத்தான் நம்பிக்கையோடு காட்டும். அலாரம் அடிக்கும்வரை இழுத்துப் பார்த்து எடையைக் கண்டுபிடிப்பது எந்தத் தாளிலும் சரியான விடை ஆகாது.

செய்முறைக்கு வருகிறேன். சுமை ஆடினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தொங்கும் சுமை ஓர் ஊஞ்சல். பூம் முனையிலிருந்து சுமையின் நடுப்பகுதிவரை உள்ள நீளம்தான் அது போய்வரும் நேரத்தைத் தீர்மானிக்கிறது, எடைக்கு அதில் பங்கில்லை. 4 மீட்டர் தொங்கினால் போய்வர 4 விநாடி, 9 மீட்டரில் 6 விநாடி, 16 மீட்டரில் 8 விநாடி. நீளத்தின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய இது வந்துவிடும். சாதாரண நாட்களில் வெறும் ஹுக்கை ஆடவிட்டு வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு நாளில் உடம்பு பிடித்துக்கொள்ளும்.

ஆட்டத்தை நிறுத்த, சுமைக்கு எதிராக லீவரை இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. சுமை விலகிப் போகும் திசையிலேயே பூம் முனையை மெல்ல அனுப்புங்கள். சுமை தன் ஆட்டத்தின் கடைசியைத் தொட்டு ஒரு கணம் நிற்கும். சரியாக அந்த நொடியில் முனை அதன் நேர்மேலே வந்து நிற்க வேண்டும். ஆட்டம் அங்கேயே செத்துவிடும். ஸ்விங்கை (பூமைச் சுழற்றுவதை) முடிக்கும்போதும் இதே வித்தைதான். குறிப்பிட்ட இடத்துக்குச் சற்று முன்னாலேயே வேகத்தைக் குறைத்தால் சுமை முந்திக்கொண்டு போகும். கடைசியாக ஒரு துளி லீவர் கொடுத்து முனையை அதன் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துங்கள். நல்ல ஆப்பரேட்டரின் கையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு அசைவது கண்ணுக்கே தெரியாது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் லீவரை நூல் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கும். முழு உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால் உங்கள் படபடப்பெல்லாம் நேராக ஹுக்குக்குப் போய்ச் சேரும். தேர்வில் கோல்களுக்கு நடுவே சுமையை வளைத்துக் கொண்டுபோகச் சொல்வதும் வட்டத்துக்குள் இறக்கச் சொல்வதும் இந்தக் கையைப் பார்க்கத்தான். அதனால் பயிற்சியில் சுமையைத் தரைக்குப் பக்கத்திலேயே வைத்து, மெதுவாக ஓட்டுங்கள்.

தேர்வாளர் நிற்பதை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அவர் எதற்காக அங்கே நிற்கிறார் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். நான் அந்த இடத்தில் நிற்கும்போது ஆளின் வேகத்தைப் பார்ப்பதில்லை. ஏறுவதற்கு முன் வண்டியை ஒருமுறை சுற்றி வருகிறாரா, அவுட்ரிக்கர் பாதத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கிறாரா, சுமையை ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு மேலே எடுக்கிறாரா, இவற்றைத்தான் பார்க்கிறேன். ஒரு தேர்வில் நான் வேண்டுமென்றே தெளிவில்லாமல் ஒரு சைகை காட்டினேன். பையன் லீவரைவிட்டுக் கையை எடுத்தான், தலையை ஆட்டினான், காத்திருந்தான். நான் மறுபடி சரியாகக் காட்டியபின்தான் வண்டியை அசைத்தான். அவன் கோலில் ஒருமுறை லேசாக இடித்திருந்தான். ஆனாலும் தேர்ச்சி கொடுத்தேன். மனப்பூர்வமாகக் கொடுத்தேன். சைகை புரியவில்லை என்றால், சிக்னல்மேன் கண்ணில் படவில்லை என்றால், வாக்கி டாக்கியில் சத்தம் நின்றுபோனால், நிறுத்துங்கள். நிறுத்தச் சொல்லும் சைகையை யார் காட்டினாலும், வழியில் போகிற ஆள் காட்டினாலும், கட்டுப்பட வேண்டும்.

சைகைகள் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இல்லை. நீங்கள் எழுதும் தேர்வு எந்தத் தரநிலையைச் சொல்கிறதோ அந்தப் படங்களை மட்டும் பாருங்கள். யார்டில் கைக்கு வந்தபடி காட்டிப் பழகிய சைகைகளை இந்த ஆறு வாரமும் தள்ளிவையுங்கள். உங்களோடு வேலை செய்யும் ரிக்கர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அவர் காட்ட நீங்கள் பெயர் சொல்வதும், நீங்கள் காட்ட அவர் சொல்வதுமாகப் பதினைந்து நிமிடம் போதும். மூன்றாவது வாரத்திலிருந்து ஸ்லிங்கும் எடையும், நான்காவதில் விதிகள், கடைசி இரண்டு வாரம் முழுத்தாளை நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது என்று போனால் சரியாக இருக்கும். சார்ட் கணக்குகள் மட்டும் கடைசி நாள்வரை நிற்கக் கூடாது. தேர்வுக்கு முந்தைய இரவு புதிதாக எதையும் படிக்க வேண்டாம், தூங்குங்கள். தூக்கம் கெட்டவரை நான் கேபினில் ஏற விடுவதில்லை. தாள் எழுதவும் அதே நிலைதான்.

ஒரு கணக்கு கொடுக்கிறேன். மேலே சொன்ன அதே வண்டி, அதே சார்ட், அதே ஹுக் பிளாக், ஸ்லிங், ஜிப் எடைகள். இரண்டு ஃபால் போட்டிருக்கிறது. தூக்க வேண்டியது 6 மீட்டர் நீளம், 0.5 மீட்டர் அகலம், 0.4 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் பீம். சுமை தொங்கும்போது ரேடியஸ் 13.5 மீட்டர். 3 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஸ்லிங்குகள், ஒவ்வொன்றும் நேராகத் தொங்கும்போது 2 டன் தாங்கும் என்று குறித்திருக்கிறது. பீமில் மாட்டிய புள்ளிகளின் மட்டத்திலிருந்து ஹுக் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூக்கலாமா? கூடாதென்றால் எதை மாற்றினால் தூக்கலாம்? நோட்டில் நான் சொன்ன வரிசையிலேயே எழுதி, அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். எந்த வரியில் தடுமாறுகிறீர்கள் என்று பார்த்து, அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.